அலமாரிக் கதவில் கடைசிச் சீட்டு

"மூக்கு மட்டும் அப்படியே எங்க பக்கம்," என்றார் மெக்கானிக், பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே. யாரும் கேட்கவில்லை. தாத்தாவாகிப் பத்தொன்பது நாள். பணிமனையில் எவர் வாயைத் திறந்தாலும் பேரனின் மூக்கில்தான் கொண்டுவந்து விடுகிறார். மகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஸ்பேனரைத் தேடுவார்.

மகளுக்குக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலை. தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் நாற்காலியில். இவள் ஒன்பது வருடமாகத் தொட்டியோரம் நின்றபடி. அந்த நாற்காலிக்குப் பட்டம் வேண்டும். மாலைக் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் சேர்ந்தாள். ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். எந்தப் பாடம் எப்போது என்பது அவரவர் பாடு.

அப்பாவும் மகளும் பாடத்துக்கு ஒரு சீட்டாக எழுதி, வருட வரிசையில் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினார்கள். மூன்று வார ஆற்றங்கரை முகாமும் ஒரு பாடம். அதை அவள் இரண்டாம் வருடத்தில் வைத்தாள். அப்பா அதைப் பிய்த்துக் கடைசியில் ஒட்டினார்.

"துருப்பிடிச்ச போல்ட்ட முதல்ல கழட்டிரணும்மா. லேசானது எங்க ஓடிடப் போகுது?"

"அதுவும் சரிதான். ஆத்துல கால் நனைக்கிறதுதானே, கடைசியில ஜாலியா போய்க்கிறேன்."

துருப்பிடித்ததெல்லாம் கழன்றது. புள்ளியியல் மட்டும் இரண்டு முறை தண்ணி காட்டியது. மிச்சம் ஒரே சீட்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த முகாம் தொடங்க நான்கு நாள் இருக்கையில், ஒரு மாதம் முந்திக்கொண்டு பேரன் வந்துவிட்டான். ஆபரேஷன். எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

படுத்தபடியே பேராசிரியைக்குப் போன் செய்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது.

"உனக்காகக் கூடுதல் அவகாசம் எழுதிக் கேட்டேம்மா, மேல ஒத்துக்கல. அடுத்த முகாம் வர்றதுக்குள்ள உன் ஆறு வருஷம் முடிஞ்சிடும்."

அவள் அழவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். அப்பாதான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"நான்தாம்மா அந்தச் சீட்ட மாத்துனேன்."

"விடுப்பா. நானும்தானே தலையாட்டுனேன்."

இன்று காலை மகள் பேரனின் பால் பாட்டிலைக் கழுவினாள். மூன்று முறை அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துணியில் கவிழ்த்தாள். அலமாரிக் கதவில் அந்த ஒற்றைச் சீட்டு. அப்பா அதைப் பார்க்காமல் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"பாத்தியாப்பா," என்றாள் பாட்டிலைக் காட்டி, "இந்தப் பாடத்துல எனக்கு நூத்துக்கு நூறு."