தங்கராசு மடித்த பாராசூட்

புவனகிரியில் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிற தங்கராசுவைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்ல மனுசன், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். கல்யாணம் முடிந்து சாமியானாத் துணியை எவனாவது சுருட்டி வண்டியில் எறிந்தால் தீர்ந்தது, மனுசன் சாமியாடிவிடுவார். "துணின்னா மடிக்கணும்டா. சுருட்டுறதுக்கு அது இன்னா கோரப் பாயா?" என்பார். வேலைக்கு வருகிற பயல்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கை முன்னே என்ன மடித்த கை என்று அதுகளுக்கு எங்கே தெரியும்?

ஏர்ஃபோர்ஸில் பாராசூட் மடித்த கை அது. சீனச் சண்டைக்கு அப்புறம் ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தவர் தங்கராசு. போர் விமானம் என்றாலே நமக்கு அதை ஓட்டுகிறவர்தான் கண்ணில் படுவார். கண்ணாடியும் மீசையுமாகப் படத்தில் நிற்கிறவர் அவர்தானே! நடுவானத்தில் விமானம் பற்றிக்கொண்டால் அவர் உயிர் முதுகில் கட்டிய துணிமூட்டைக்குள்தான் இருக்கிறது. அந்த மூட்டையை எவனோ ஒருத்தன் நீள மேசையில் விரித்து, பட்டை பட்டையாக நீவி, கலையாமல் இருக்க ஈயப் பைகளைப் பாரம் வைத்து, கயிற்றை வளைத்து வளைத்துச் சொருகி மூடியிருக்கிறான் என்று யாராவது நினைக்கிறோமா? நான்கூட தங்கராசுவைப் பார்க்கிறவரைக்கும் நினைத்ததில்லை.

அந்த வேலையில் ஒரு பொல்லாத சங்கதி உண்டு. சமைத்தவன் உப்புப் பார்க்கலாம், தைத்தவன் போட்டுப் பார்க்கலாம். பாராசூட் மடித்தவன் சரியாக மடித்தோமா என்று பார்க்கவே முடியாது. பார்க்கவேண்டும் என்றால் பிரிக்கவேண்டும், பிரித்துவிட்டால் மறுபடி மடிக்கவேண்டும். கடைசியில் நம்பித்தான் கையில் கொடுக்கவேண்டும்.

எழுபத்தொண்ணு டிசம்பர் சண்டையில், மேற்கெல்லையில் ஒரு விமானத்தளத்தில், நம்ம தென்னார்க்காடு ஜில்லாக்காரர்கள் மூன்று பேர் ஒன்றாய் இருந்தார்கள். ஹண்டர் விமானம் ஓட்டிய செம்பியன் கடலூர் மஞ்சக்குப்பத்துத் தமிழ் வாத்தியார் மகன், பெரிய அதிகாரி. அந்த விமானத்துக்கு என்ஜின் பார்த்தவர் கீரப்பாளையம் சபாபதி. பாராசூட்டுக்குத் தங்கராசு. தங்கராசுவும் சபாபதியும் மாமன் மச்சான் என்று ஒரே பீடியை மாற்றி மாற்றிப் பிடித்த சேர்க்கை. செம்பியன் அதிகாரிதான் என்றாலும், பக்கத்தில் வேறு ஆள் இல்லாதபோது தமிழில் பேசுவார். "என்னப்பா தங்கராசு, குடை ஒழுகாதே?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே மூட்டையை வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் மதியம் போன விமானங்களில் அவருடையது மட்டும் திரும்பவில்லை. கூடப் போனவர், செம்பியன் விமானம் புகைவிட்டுக்கொண்டு பின்தங்கியதைப் பார்த்தார், தாழ்ந்து புழுதிக்குள் போனதைப் பார்த்தார், அதோடு சரி. குண்டு பட்டதா, என்ஜின் நின்றதா, குதித்தாரா, குதித்தும் பாராசூட் விரியவில்லையா? சொல்ல ஆள் இல்லை. அவரும் கிடைக்கவில்லை, விமானத்தில் ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சபாபதி வாயைத் திறந்தார். "என்ஜின் நின்னுச்சின்னே வச்சிக்குவோம். குடை இருந்துச்சே, அது இன்னா ஆச்சி?"

அவ்வளவுதான் சொன்னார். தங்கராசு தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு பேரும் பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்துசேர்ந்தபோது அந்தப் பேச்சும் கூடவே வந்து சேர்ந்தது. சபாபதி கீரப்பாளையத்தில் பம்புசெட்டு மெக்கானிக் ஆனார். அவர் கை பட்டால் ஊமை என்ஜினும் பேசும் என்று விவசாயிகள் தலையில் வைத்து ஆடினார்கள். தங்கராசுவுக்கோ மாஜி ராணுவத்தார் நடுவில் 'விரியாக்குடை' என்று பட்டப்பெயர். கடலூரில் மிலிட்டரி கேன்டீன் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து எவனாவது அதைச் சொல்லிச் சிரிப்பான். மூக்குக்கு மேல் கோபக்காரர், அங்கே மட்டும் கம்மென்று நிற்பார்.

ஏன் கம்மென்று நின்றார்? அதுதான் கொடுமை. செம்பியன் முதுகில் அன்றைக்குப் போன அந்த பாராசூட்டை மடித்தது அவருக்கு ஞாபகம் இல்லை. மடித்தது அவர்தான், அதில் சந்தேகமில்லை. சண்டை நேரம், ஒன்றை மூடிவைத்தால் அடுத்தது மேசைக்கு வந்துவிடும். எத்தனையோ மடித்தார். அந்த ஒன்று மட்டும் எப்படி யோசித்தாலும் கண்ணுக்குள் வரவில்லை. கயிறு சிக்கலில்லாமல் சொருகினோமா, பாரப் பையை எல்லாம் எடுத்தோமா? உள்ளே ஒரு பை தங்கிவிட்டால் போதுமே, ஆள் அவுட்டு. ஞாபகம் இருந்தால் சபாபதி சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பார். இல்லாத ஞாபகத்தை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

இப்படியே நாற்பது வருசம் ஓட இருந்த நேரத்தில், இரண்டாயிரத்துப் பதினொன்றில், அறிவழகன் வந்தான். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை. விமானக் கிறுக்கு என்றால் அப்படி ஒரு கிறுக்கு! பெண் பார்க்கப் போன வீட்டில் மூன்று தட்டு கேசரி சாப்பிடுகிறவரைக்கும் ஹண்டர் விமானத்தின் இறக்கையைப் பற்றிப் பேசியவன். அந்தப் பெண் இவனை எப்படித்தான் கட்டிக்கொண்டாளோ, மகராசி. கடலூர், சிதம்பரம் பக்கத்தில் ஏர்ஃபோர்ஸில் இருந்து வந்தவர்களை வீடு வீடாகத் தேடிப் போய், அவர்கள் சொல்வதை டேப்பில் பிடித்து, பரணில் கிடந்த தொப்பி, ஃபோட்டோ, ஸ்பானர் எல்லாவற்றையும் கெஞ்சி வாங்கிச் சேர்த்து வைத்தான். "எல்லாரும் ஓட்டுனவங்களப் பத்தியே எழுதுறாங்க மாமா. கீழ நின்னவங்க கதய யாரு எழுதறது?" என்று அவன் கேட்டபோது தங்கராசு அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அதுவரைக்கும் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

டிசம்பரில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. புதுச்சேரியில் ஒரு பழைய அதிகாரி வீட்டிலிருந்து, நல்ல நிலையில் ஒரு பாராசூட்டும் கிடைத்தது. கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் மண்டபத்துக்குப் போன தங்கராசு அதைப் பார்த்தார். பார்த்தாரா! பை உப்பலாகத் தெரியவேண்டும் என்று அறிவழகன் உள்ளே தெர்மாக்கோலை அடைத்து, துணியை எப்படியோ திணித்து, வாயை ஊசிநூலால் தைத்து வைத்திருந்தான்.

"எவன்டா இதத் தச்சவன்?"

"நான்தான் மாமா. பாக்க லட்சணமா இருக்குல்ல?"

"தச்சிட்டா எப்பிடிடா விரியும்?"

"கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கப் போவுது. இத யாரு மாமா மாட்டிக்கிட்டுக் குதிக்கப் போறா?"

"யாரும் குதிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா மட்டும் பொய்யா மடிக்கலாமா? பிரிடா!"

பிரித்தார்கள். கல்யாணப் பந்தி மேசைகளை வரிசையாகச் சேர்த்துப் போட்டு, துணியைக் கொடியில் காயவிட்டு, ஒவ்வொரு பட்டையாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். ஈயப் பாரத்துக்குப் பதிலாக அரிசி கட்டிய துணிப்பைகள். அறிவழகன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான், கால் கடுத்தும் உட்காரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அறுபத்தேழு வயசில் மனுசன் விரல் அந்தத் துணிமேல் போனதைப் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் பைகளை எடுத்து ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து மூடிய பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

அப்போதுதான் அறிவழகன் மறுநாள் அழைப்பிதழை நீட்டினான். "சீஃப் கெஸ்ட் யாரு தெரியுமா மாமா? செம்பியன் சாரோட தங்கச்சி, மலர்க்கொடி டீச்சர். பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க." நாற்பது வருசமாக அந்தத் தெருப் பக்கமே போகாத மனுசனிடம், பாவம், சந்தோஷமாகச் சொன்னான். அவனுக்கு விவரம் தெரியாது.

வீட்டுக்கு வந்த தங்கராசு, நாளைக்குத் தனக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி இருசம்மாளிடம் சொன்னார். நாளைக்கு வரப்போகிற நோயை இன்றைக்கே சொல்கிற ஆளை அந்தம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டுடுமோன்னு பயமா?"

"கேட்டா இன்னா சொல்லுவேன்? மடிச்சது ஞாபகமில்லன்னா சொல்லுவேன்?"

"ஆமா, அதத்தான் சொல்லணும். நாப்பது வருசமா தூக்கத்துல கைய நீட்டி நீட்டிப் போர்வைய நீவிக்கிட்டுக் கெடக்கிறியே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? போய் அந்தப் பொண்ணு முன்னாடி நில்லு. அடிச்சா வாங்கிக்க."

மறுநாள் போனார். மண்டபத்து வாசலிலேயே சபாபதி நிற்கிறார்! இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெடல் எல்லாம் குத்திக்கொண்டு. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். மலர்க்கொடி டீச்சர் வந்தார். அறுபது வயசிருக்கும், ஒல்லியான உருவம், காட்டன் புடவை. அண்ணன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒவ்வொரு பொருளாகப் படித்துக்கொண்டே வந்தார். பாராசூட் இருந்த மேசைக்கு வந்தார். 'மடித்தவர்: கார்ப்பொரல் தங்கராசு' என்று எழுதி, கீழே எந்தப் படைப்பிரிவு, எந்த வருசம் என்று அறிவழகன் அட்டை வைத்திருந்தான். படித்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"இது அண்ணன் இருந்த ஸ்குவாட்ரன் ஆச்சே. தங்கராசுங்கிறது யாருங்க?"

தங்கராசு முன்னால் வந்தார்.

"அப்ப எங்க அண்ணனுக்கும் நீங்கதான் மடிச்சிங்களா?"

"ஆமாம்மா."

"அது விரிஞ்சிருக்குமாங்க?" டீச்சர் குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. "எங்கம்மா சாவுற வரைக்கும் அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்தாங்க. புள்ள மேலேர்ந்து சும்மா விழுந்தானா, இல்ல மெதுவா எறங்கினானான்னு."

விரிந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்தக் கோர்ட்டு கேட்கப் போகிறது? தங்கராசுவுக்கு வாய் வரவில்லை.

"பொய் சொல்ல மாட்டேம்மா. அந்த ஒண்ண மடிச்சது எனக்கு ஞாபகத்துல இல்ல. எவ்வளவோ முட்டிப் பாத்துட்டேன், வர மாட்டேங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எனக்கு மடிக்கத் தெரிஞ்சது ஒரே மாதிரிதான். தோ, இது நேத்து மடிச்சது. இதே மாதிரிதான் அதையும் மடிச்சிருப்பேன். நீங்களே இழுத்துப் பாருங்கம்மா."

கண்ணாடி மூடியைத் தூக்கி, மூட்டையை எடுத்து மேசை விளிம்பில் வைத்து, இரும்புக் கைப்பிடியை அந்தம்மா கையில் கொடுத்தார். டீச்சர் அண்ணன் படத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். இழுத்தார்.

படார் என்று பை வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து, பெரிய துணியை வெளியே இழுக்கிற ஸ்பிரிங் வைத்த குட்டிக்குடை துள்ளி எகிறித் தரையில் விழுந்து ஓடியது. தங்கராசு அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அவர் நடக்க நடக்க வெள்ளைத் துணி பையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அப்புறம் கயிறுகள், ஒன்றோடு ஒன்று பின்னாமல், ஒரு சிக்கல் இல்லாமல். மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டார். ஜன்னல் காற்று புகுந்து துணி நடுவில் உப்பிக்கொண்டு எழுந்தது. டீச்சர் கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க உதடு துடித்து, அதற்கப்புறம்தான் அழுதார்.

"போதுங்க," என்றார். "எங்கம்மா இத பாக்கலியே. மெதுவாத்தான் எறங்கியிருக்கும், எனக்குப் போதும்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. சபாபதி. மெடல் குத்திய சட்டையோடு, சின்னப் பிள்ளைபோல முகத்தை மூடிக்கொண்டு நின்றார். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அந்த என்ஜின ஓட்டிப் பாத்து, சரியாருக்குன்னு சொல்லி அனுப்பினவன் நான்தாம்மா," என்றார் டீச்சரிடம். "நின்னுச்சா, குண்டு பட்டுச்சா, எனக்குத் தெரியல. பயத்துல அன்னிக்குப் பழிய இவன் தலையில போட்டுட்டேன். இவனுக்காவது இழுத்துக் காட்ட ஒரு கைப்பிடி இருக்கு. எனக்கு எதுவும் இல்லியேம்மா."

தங்கராசுவுக்கு என்னவெல்லாமோ தோன்றியது. சபாபதியைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்று நாற்பது வருசமாகச் சேர்த்துவைத்த கேள்விகள் ஒன்றா இரண்டா! அத்தனையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இத்தனை வருசமாகத் தான் பட்டதை இந்தப் பாவியும்தான் பட்டிருக்கிறான் என்பது மட்டும் நெஞ்சில் வந்து நின்றது.

மலர்க்கொடி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எங்க அண்ணன் ஒருநாளாவது உங்க என்ஜினக் கொறை சொல்லியிருக்கா?"

"இல்லம்மா. ஒருநாளும் சொன்னதில்ல."

"அப்பறம் நீங்க எதுக்கு இத்தன வருசமா உங்களையே கொறை சொல்லிக்கிட்டு இருக்கிங்க?"

தங்கராசு மண்டபத்தின் கோடியிலிருந்து துணியின் ஒரு முனையைத் தூக்கி சபாபதி பக்கம் நீட்டினார்.

"மச்சான், வந்து இதப் புடி," என்றார்.