இடுக்கி சுட்ட கை

தீப்புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலையில் மருந்து கால்பங்கு, வாய் முக்கால்பங்கு. கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அந்த வாயை வைத்தே பிழைக்கிற கிழவன் நான். புண்ணைத் துடைக்கப் போய் உதை வாங்கிப் பழகிய சகாக்களே, உங்களுக்குப் புரியும்.

வைத்தியம்

வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவள் பாவாயி. வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதென்று, சீசன் கூட்டத்தில் நிறுத்திவிட்டாள். ஒருநாள் காலை வீட்டு விறகடுப்பு முன்னாலேயே வலிப்பு வந்து சாய்ந்தாள். பக்கத்தில் இருந்த அண்ணன் மாரி, எரிகிற விறகை வெறுங்கையால் இழுத்து எறிந்ததில் முகம் தப்பியது. அதற்குள் ஓடிவந்த மாமியார், வலிப்புக்கு இரும்பு கொடுக்கணுமே என்று கைக்கு அகப்பட்ட இரும்பை அவள் உள்ளங்கையில் திணித்தார். அடுப்புக்குள் மூக்கை நீட்டிக் கிடந்த இடுக்கி அது. பிடிபக்கம் மாமியாருக்கு, சூட்டுப்பக்கம் மருமகளுக்கு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோது, இனி இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்றேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெருப்பு உட்டுருச்சுங்க சாமி, நாந்தான் சுட்டுப்புட்டேன்."

கரடி ஓட்டிய பஸ்

மாரிக்கு வயது நாற்பது. பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். வலிக்கிறதா என்றால் சிரிப்பான். சிரிக்கிறானே, இவனுக்கு வலியே தெரியாது என்றார்கள் கூட வந்தவர்கள். வெந்த கையில் சுற்றிய துணியைப் பிரிக்கும்போது அவன் கால்விரல்கள் இறுக மடங்கின. அதுதான் அவன் அலறல்.

எடுத்துவிட்டேன் ஒரு கதையை. கொண்டை ஊசி வளைவில் டிரைவர் கண்ணயர, பின்சீட்டில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த கரடி எழுந்துவந்து ஸ்டியரிங்கைப் பிடித்து, பேளுக்குறிச்சிச் சந்தையில் பஸ்ஸை நிறுத்தியதை நானே கண்ணால் கண்டேன். விரல்கள் நிமிர்ந்தன. அடுத்த தடவை ருசிக்காக லாரி என்று மாற்றினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"பொய்யி. பஸ்ஸு."

கடைக்குப் பூட்டு

பாவாயியின் புருஷன் ரங்கன் கடையை மூடிவிடுவதென்று முடிவு கட்டிவிட்டான். இனி இவள் நெருப்புப் பக்கமே போகக் கூடாதாம். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, வலிப்பு அடங்கும்வரை எண்ணெய்ச் சட்டியைத் தொடாதே, மாவு கரை, வியாபாரம் பார், புருஷன் சுடட்டும் என்றார். ரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாவாயி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி அவனிடம் சொன்னாள்:

"கடையில நின்னா நான் பாவாயிங்க. ஊட்ல உக்காந்தா வெறும் வலிப்புக்காரி."

புது மாஸ்டர்

கடை திறந்தது. அடுத்த வாரமே கட்டுப் போட வந்தவன் ரங்கன். ஈர மிளகாயைக் காய்ந்த எண்ணெயில் தூர நின்று வீசியிருக்கிறான். முழங்கை வரை கொப்புளம். அலறலில் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. மாரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "பஸ்ஸு, பஸ்ஸு" என்று எனக்கு உத்தரவு போட்டான். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்க, எனக்காச்சும் வலிப்பு. இவருக்கு என்னங்க வந்துச்சு?"

நெருப்புப் பக்கம் யார் போகலாம், யார் போகக் கூடாதென்று இத்தனை கட்டுப் போட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இந்த மலையில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வேலை பார்ப்பது அந்தக் கரடி ஒன்றுதான்.