இடம் மாறிய சக்கரங்கள்

டெங்கில் பக்கம் குத்தகை நிலத்தில் வெண்டை போட்டோம், நானும் என் கணவரும். உழுவதற்கு ஒரு பழைய சின்ன டிராக்டர். அதை ஓட்டியது என் தம்பி. ரவாங் தொழிற்சாலையில் வேலை போனபின், நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டு எங்களுக்கு உதவ வந்துபோனான். மதியச் சாப்பாடு எங்களோடுதான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் நல்ல மழை. உழ இறங்கிய டிராக்டர் நடுநிலத்தில் நின்றுவிட்டது. ஒரு பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துச் சுழன்றது. வண்டி நகரவில்லை.

"கிளட்ச்ச கெடுத்துட்டியே மச்சான்! போன வாரம் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று என் கணவர் கத்தினார்.

"நான் ஒன்னும் செய்யல மாமா. டயர்தான் வழுக்குது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "உக்காந்து சாப்புடுறவனுக்கு வண்டியோட அருமை எங்க தெரியும்?" என்றேன். பக்கத்து நிலத்தில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி இறங்கினான். குழாயில் காலைக் கழுவிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்துவிட்டான்.

கணவர் ஏறி ஓட்டினார். அதே கதைதான். கிளட்ச் போயிருந்தால் சக்கரம் இவ்வளவு வேகமாகச் சுழலுமா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் மிதியை அழுத்தச் சொன்னேன். இரண்டும் சுழன்றன, இரண்டும் வழுக்கின. டயர் கல்லாக இருந்தது; காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். சற்று ஊர்ந்து மறுபடி நின்றது. டயரின் மேல் துருத்திய ரப்பர்க் கட்டைகளுக்கு இடையில் சேறு அப்பி, சக்கரம் வழுவழுவென்று உருளைபோல் ஆகியிருந்தது.

நான் குனிந்து சேற்றை வழித்தேன். டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. வண்டி முன்னால் போனால் சக்கரம் எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று காட்டுவது. அது பின்னோக்கி இருந்தது; அப்படி மாட்டினால் கட்டைகள் சேற்றை வெளியே தள்ளாமல் அப்பிக்கொள்ளும். மறுபக்கமும் அப்படியே.

"பூஜைக்குப் பெயிண்ட் அடிக்கக் கழட்டுனோமே..." என்றார் கணவர். கழற்றியது அவர். வலது எது இடது எது என்று பார்க்காமல் மாட்டி, நட்டுகளை முறுக்கியது நான். அன்று தம்பி அங்கே இல்லவே இல்லை.

சக்கரங்களை மாற்றிப் போட்டதும் டிராக்டர் சேற்றைவிட்டு ஏறி வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் எங்கள் வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். தம்பி கதவைத் திறந்தான். "தப்பு எங்க மேலதான்டா. சக்கரத்த மாத்தி மாட்டிட்டோம்," என்றேன்.

"பரவால்ல லா, அக்கா. சாப்டீங்களா?"

மறுக்க மறுக்கக் கீழே போய்த் தோசை வாங்கி வந்தான். எனக்கு எதிரே உட்கார்ந்தான், ஆனால் தனக்கென்று ஒன்றும் வாங்கியிருக்கவில்லை.

இப்போது கிள்ளானில் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை. ஞாயிறுகளில் நிலத்துக்கு வருகிறான், டிராக்டரும் ஓட்டுகிறான். மதியச் சாப்பாட்டை மட்டும் தன் அறையிலிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறான்.