வாசல்படியில் வெட்டுக்காயப் பூண்டு

"என் கத்தி பட்டு ஒரு சொட்டு ரத்தம் வந்ததா சரித்திரமே கிடையாது!" என்று முடிதிருத்துபவர் முழங்கியபோது, கடையிலிருந்த மூன்று கண்ணாடிகளும் சாட்சி. சொன்ன சொல்லுக்கு மரியாதையாக, ரத்தத்தை நிறுத்தும் படிகாரக் கட்டி ஒன்றுகூட அவர் கடையில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமே!

இந்தக் கௌரவத்தால்தான் வெட்டுக்காயப் பூண்டு அவருக்குப் பகையானது. கசக்கி வைத்தால் ரத்தத்தை நிறுத்தும் அந்தப் பச்சிலை, தரையோடு படர்ந்து, மஞ்சள் நடுவோடு குட்டிப் பூவை நீட்டிக்கொண்டு, அவர் வாசல்படியில்தான் முளைத்தது.

"என்ன மச்சான், வர்றவங்களுக்கு வைத்தியமும் சேர்த்துப் பண்றீங்களா?" என்று மனைவியின் தம்பி கேட்ட நாளிலிருந்து, கடை திறக்குமுன் அதைப் பிடுங்கி எறிவது தர்மயுத்தமாயிற்று.

ஒரு நாள் அதே மைத்துனன் சவரத்துக்குச் சாய்ந்திருந்தான். மூக்குக்கண்ணாடி போடாமல் வேலை செய்வது அவருடைய இன்னொரு கௌரவம். தாடையில் கத்தி வழுக்கியது. நுரை சிவந்தது.

"விடுங்க மச்சான், துண்டை வச்சு அமுக்குங்க. நான் மூச்சு விடமாட்டேன்," என்றான் அவன், அபூர்வமான அன்போடு.

அமுக்கினார். ரத்தம் நிற்கவில்லை. வாசலில் இரண்டு பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

படியைப் பார்த்தார். காலையில் அவரே மொட்டையடித்த படி. ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, காத்திருந்தவர்களைத் தாண்டித் தெருவில் இறங்கி, பக்கத்துத் தையல்கடைச் சுவரோரம் மண்டியிட்டுத் துழாவினார்.

"என்னண்ணே தேடுறீங்க?" என்றார் தையல்காரர்.

"பூண்டு இலை. வெட்டுக்காயத்துக்கு."

"யார் வெட்டினது?"

"நான்தான்," என்றார் அவர், இலையைக் கசக்கிக்கொண்டே.