வாசலுக்கு ஒரு சோடிச் செருப்பு

வாசலில் என்ன செருப்பு கிடக்கிறது என்று பார்த்து, ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுத்த ஓர் அதிகாரியின் காலுக்கும் நான் சப்பாத்து மாட்டிப் பார்த்திருக்கிறேன். மன்னார் பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவனுக்கு ஆள் பார்த்து விற்க வழியில்லை. வருகிற கால் எல்லாம் கால்தான். அந்த மனிதர் பதினொரு பெட்டிகளைத் திறக்க வைத்தார். ஊறிப்போன காலுறையோடு ஒவ்வொன்றாக மாட்டினார், கழற்றினார், கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழும்பிப் போனார். அன்றைக்கு மூன்று தரம் கை கழுவினேன். ஆனாலும் அந்த ஆளை நினைத்தாலே குமட்டுகிற அருவருப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அது கலந்தர் நானாவின் விஷயத்தில் வந்தது.

என் பெயர் சிங்கராசா. தொண்ணூறில் படகேறி இந்தியாவுக்குப் போனவன். திருச்சிப் பக்கத்து முகாமில் இருந்த இருபது வருஷமும் ஒரு செருப்புக் கடையில் குனிந்து நிமிர்ந்தே கழிந்தது. திரும்பி வந்த பிறகு, தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்பதால் பஜாரில் ஓர் ஒடுங்கிய கடையையும் அதற்குப் பின்னால் இருந்த அறையையும் வாடகைக்கு எடுத்தேன். மனிதருடைய முகத்தைவிட எனக்குக் காலை நன்றாகத் தெரியும். கால் பொய் சொல்லாது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. கால் நாறும், அவ்வளவுதான்.

கலந்தர் நானா மன்னாருக்குப் பக்கத்து எருக்கலம்பிட்டி ஆள்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய இயக்கம் அறிவித்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையில் அகப்பட்டதை ஒரு பையில் போட்டுக்கொண்டு, மனைவி உம்மு குல்சூமோடு வள்ளம் ஏறினார். கற்பிட்டியில் இறங்கி, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து, உப்பளத்தில் உப்பு வாரி, இருபது வருஷத்தை அங்கேயே கழித்தார். வள்ளம் ஏறிய அந்த நாளில் தொடங்கியது ஒரு பழக்கம். எந்தப் பொருளை வாங்கப் போனாலும் பையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். சோற்றுப் பானை வாங்கப் போனபோதும் பையைக் கொண்டுபோய் உள்ளே இறக்கிப் பார்த்தாராம். கடைக்காரன் இவருக்கு ஏதோ புத்திப் பிசகு என்று நினைத்திருக்கிறான்.

சண்டை முடிந்து மீள்குடியேற்றம் என்றதும் மனைவியையும் மகள் பஸ்மினாவையும் கூட்டிவந்து, இடிந்து கிடந்த தன் பழைய வீட்டு வளவிலே தகரக் கொட்டில் போட்டார். ஊரில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அதனால் உப்பளத்தை விடவில்லை. ஞாயிறு பஸ் ஏறிப் புத்தளம் போவார், வியாழன் பின்னேரம் திரும்பி வருவார். தாயும் மகளும் நாள் தவறாமல் அந்தத் தகரத்துக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தால் கல்வீடு கிடைக்கும். அவர் இந்த உலகத்தில் கேட்டது அது ஒன்றைத்தான்.

2013 ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் கடைக்கு வந்தார்.

“தம்பி, பஸ்ஸில போய்வர ஒரு சப்பாத்து வேணும்,” என்றார். “மூடின சப்பாத்து. குதி வெடிப்பில உப்புப் பட்டா உயிர் போகுது. ஆனாப் பாரமா இருக்கக் கூடாது. பஸ்ஸில இருந்து இருந்து கால் வீங்குது. உப்பளத்தில பூட்ஸ் போடுறனான், அந்த நேரம் இது பைக்குள்ள கிடக்கோணும். தொழப் பள்ளிக்குப் போனாலும் பைக்குள்ளதான். புத்தளத்தில பள்ளி வாசல்ல வைச்சு ரெண்டு சோடி போச்சு.”

பின்னேரத்தில் வந்தது நல்ல புத்தி. காலை நேரத்தில், கால் வீங்க முன்னம் அளவு பார்த்துச் சப்பாத்து வாங்குகிறவன் மத்தியானமே நொண்டுவான். நான் அவருடைய இரண்டு காலையும் சீமெந்தில் ஊன்றச் சொன்னேன். இடது கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். விரல்கள் எல்லாம் விசிறியாக அகன்று கிடந்தன. நீள அளவுக்கு ஏழாம் இலக்கம், அகலத்துக்கு ஒன்பது கேட்டது.

முதலில் தோல் சப்பாத்தைக் காட்டினேன். அவர் அதைப் பைக்குள் வைத்தார். பை செங்கல் வைத்ததுபோலத் தொங்கியது, திருப்பித் தந்துவிட்டார். பிறகு இளம் பெடியள் விரும்புகிற, தடித்த பஞ்சு அடி வைத்த ஓட்டச் சப்பாத்து. அதை நானே வேண்டாம் என்றேன். ஒருமுறை நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது, மூன்றாம் நாள் அதோடு ஒரே பஸ்ஸில் ஆரும் இருக்க முடியாது. ஓட்டை போட்ட ரப்பர் சப்பாத்து பாரமில்லை. ஆனால் மடங்காது, பாதிப் பையை அதுவே பிடித்துக்கொள்ளும், ஓட்டைகள் வழியாக மணலையும் அள்ளிக்கொண்டு வரும்.

நாலாவது பெட்டியில் இருந்தது கன்வஸ் சப்பாத்து. நூல் கட்டத் தேவையில்லை, பக்கத்தில் இழுபடும் பட்டி. அடி மெல்லிய ரப்பர். சப்பாத்தை வளைத்துக் காட்டினேன். விரல் மடிகிற இடத்தில்தான் அது மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் உள்ளங்கால் வலிக்கும். இது சரியான இடத்தில் மடிந்தது. குதிப்பக்கத்தை மிதித்துச் செருப்பாகவும் போடலாம். ஒன்றை ரொட்டி சுருட்டுவதுபோலச் சுருட்டி மற்றதற்குள் சொருகிக் கொடுத்தேன். அவர் பையில் போட்டார். அதன்மேல் மாற்றி உடுக்கிற சாரத்தை வைத்தார், சோற்றுப் பார்சல் அளவுக்குக் கையை வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டு என் கடைச் சீமெந்திலும் முன்னால் இருந்த மணலிலும் நாலு தரம் நடந்தார்.

“கால் இருக்கிறதே தெரியேல்ல,” என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் கழற்றி வைத்த பழைய செருப்பு கீழே கிடந்தது. வார் அறுந்து, மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் தைத்திருந்தது. குதிப்பக்கம் தேய்ந்து ஓட்டை.  அதை இரண்டு விரலால் தூக்கினேன்.

“இருக்கட்டும் தம்பி, அதைத் தாங்கோ,” என்றார். “வாசலுக்கு ஒண்டு வேணும். உம்மு குல்சூம் சொல்லி விட்டவ.”

“வாசலுக்கு எதுக்கு நானா செருப்பு? வாசல் எங்க நடந்து போகப் போகுது?” என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். நான் அதை நகரசபைக் குப்பை வண்டிலில் எறிந்தேன். அவர் சொன்னதை ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கெட்டித்தனமாக ஒரு கதை சொல்லிவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. வீட்டுத் திட்டத்துக்காக ஆள் பார்க்கிறவர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் எருக்கலம்பிட்டிக்குப் போனார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குத்தான் வீடு, புத்தளத்தில் இருந்துகொண்டு பெயர் மட்டும் பதிந்தவர்களுக்கு இல்லை என்பது சட்டம். சட்டத்தில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் போன நேரம் பகல் பன்னிரண்டரை. ஜும்ஆத் தொழுகை நேரம். ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளியில். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னார்கள்.

“இவர் பள்ளிக்குப் போயிருக்கிறார்,” என்று உம்மு குல்சூமும் சொல்லியிருக்கிறா.

“எல்லா வீட்டிலயும் இதைத்தான் சொல்லுகினம்,” என்றாராம் அதிகாரி. குனிந்து வாசலைப் பார்த்தார். ஒரு பெண்ணுடைய செருப்பு, ஒரு சிறுமியுடைய செருப்பு. அவ்வளவுதான். கடதாசியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார். அடுத்த வளவு மஹ்மூது என்பவருடையது. ஆள் குடும்பத்தோடு கொழும்பில் இருக்கிறார், வருஷத்தில் இரண்டு பெருநாளைக்குத்தான் ஊர்ப் பக்கம் வருவார். அவருடைய கொட்டிலைச் சாப்பாட்டுக்கு மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு தூரத்துச் சொந்தக்காரி இருந்தா. வாசலில் வடிவான ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பு. மஹ்மூதுக்கு வீடு கிடைத்தது.

அரசாங்கக் கந்தோர்ச் சுவரில் பட்டியல் ஒட்டிய அன்றைக்குக் கலந்தர் நானா என் கடைக்கு வந்து கதிரையில் இருந்தார். குடும்பத் தலைவர் குடியிருக்கவில்லை என்று அவருடைய பெயருக்கு நேரே எழுதியிருந்ததைச் சொன்னார். வீட்டில் ஆம்பிளை இருப்பதாகக் காட்ட வாசலில் செருப்புப் போட்டு வைப்பது ஊரில் எல்லாரும் செய்கிற வேலை என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

“அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே நானா.”

“நீங்க சிரிச்சீங்க. நானும் யோசிச்சன், வீட்டில ஆள் இருக்கேக்க செருப்பு என்னத்துக்கு எண்டு.”

எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கந்தோருக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்தப் பதினொரு பெட்டி மனிதர். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“நாங்கள் வந்த நேரம் ஆம்பிளை ஒருத்தரும் இல்லை. இருக்கிற அடையாளமும் இல்லை,” என்றார்.

“வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு எந்த ஆம்பிளை சேர் வீட்டில இருப்பான்?” என்று கலந்தர் நானா கேட்டார்.

“மற்ற வீடுகளில செருப்புக் கிடந்தது.”

“செருப்புக் கிடந்த வீட்டிலதான் சேர் ஆள் இல்லை. ஆள் இருந்தா அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்திருப்பான்.”

இதைக் கேட்டு அந்த மனிதர் வெட்கப்பட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவர் வெட்கப்படவில்லை. தான் பிழை விட்டது அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை முகத்தில் பார்த்தேன். அடுத்த கணமே, பல்லில் சிக்கியதை நாக்கால் தள்ளுவதுபோல அதைத் தள்ளிவிட்டார்.

“இன்னொரு தரம் வருவம். அப்ப வாசலை ஒழுங்கா வைச்சிருங்கோ,” என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்றோம். மனிதரைப் பார்க்கத் தேவையில்லை, வாசலை ஒழுங்காக வைத்தால் போதும் என்று ஓர் அரசாங்க வாயே சொல்கிறது. இப்படிப்பட்டவர்களுடைய கையெழுத்துக்காகத்தான் நாங்கள் எல்லாரும் கடல் தாண்டி, காடு தாண்டித் திரும்பி வந்திருக்கிறோம். எனக்கு வாய் முழுக்கக் கசந்தது. கலந்தர் நானா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

“தம்பி, கடையில ஒரு சோடி செருப்பு எடுக்க வேணும்,” என்றார். “எந்த நம்பரும் பரவாயில்லை. ஆரும் போடப் போறதில்லைத்தானே. ஆனாப் புதுசு வேணாம். புதுசெண்டா இண்டைக்கு வைச்சது எண்டு கண்டுபிடிச்சிருவினம்.”

புதுச் செருப்பு விற்கிறவனிடம் பழைய செருப்பு எங்கே இருக்கிறது? நான் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். பத்தாம் இலக்கம், என் குதி பதிந்து கறுத்துப்போனது. அவர் பையைத் திறந்து உள்ளே வைத்தார். அது மடங்கவில்லை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் வெறுங்காலோடு கடைக்குத் திரும்பினேன்.

இரண்டாம் தரம் அவர்கள் போனது ஒரு புதன்கிழமை. புதன்கிழமை கலந்தர் நானா புத்தளத்தில், முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்றிருப்பார். அதிகாரி இறங்கினார், வாசலைப் பார்த்தார், என்னுடைய செருப்பைக் கண்டார், சரி போட்டார். கூப்பிட்டுப் பெயர்கூடக் கேட்கவில்லையாம். அடுத்த பட்டியலில் கலந்தர் நானாவின் பெயர் இருந்தது. மாரி மழைக்கு முதல் அத்திவாரமும் வெட்டினார்கள்.

தை மாதம் ஒருநாள் கடைப்பக்கம் வந்தார். காலில் கன்வஸ் சப்பாத்து வெளிறிப்போயிருந்தது, ஆனால் தையல் விடவில்லை. வீடு எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டேன். ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது என்றார்.

“அப்ப இனி என்ர செருப்பைத் தரலாமே நானா,” என்று பகிடியாகச் சொன்னேன்.

“தர ஏலாது தம்பி. வீடு முடியுமட்டும் எந்த நேரமும் வந்து பாப்பினமாம்.” கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றி, உள்ளே இருந்த மணலைத் தட்டினார். “அக்கம்பக்கத்துப் பொண்டுகள் ஒருத்தரும் இப்ப வாறதில்லை. வாசல்ல ஆம்பிளைச் செருப்பைக் கண்டா, நான் உள்ள இருக்கிறன் எண்டு திரும்பிப் போயிருதுகள். உம்மு குல்சூமும் பிள்ளையும் நாள் முழுக்கத் தனிய இருக்கினம்.”

 “நீங்கள் வந்த பிறகாவது கலகலப்பா இருக்கும்தானே,” என்றேன்.

அவர் சப்பாத்தைத் திரும்பக் காலில் மாட்டினார்.

“வியாழக்கிழமை பஸ்ஸால இறங்கி வாறன். வாசல்ல பெரிய செருப்பு ஒண்டு கிடக்கும். நான்தான் கொண்டுவந்து வைச்சது, தெரியும். தெரிஞ்சும் கால் நிண்டிருது தம்பி. இருபது வருஷம் ஆர்ட ஆர்ட வாசலிலயோ நிண்டு பழகின கால். என்ர வளவில, என்ர வாசல்ல, செருமிப்போட்டு வெளிய நிக்கிறன், உள்ள வாங்கோ எண்டு அவ சொல்லுமட்டும்.”