பாவாயிக்குக் கோடி

கொல்லிமலையில் நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. வருகிறவர்களெல்லாம் அக்கா, அண்ணன்தான். திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவனுக்கு அது வாய்க்கு வசதி, வேறொன்றுமில்லை. ஒருத்தி மட்டும் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டாள். பேர் பாவாயி. வயது ஐம்பத்தொன்று. பார்க்கிறவர்கள் எழுபது சொல்வார்கள்.

இந்த மலையில் பிறந்தவள்தான். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அடித்த அடியில் புத்தி பேதலித்து, ஒருநாள் கிளம்பிப் போய்விட்டாள். சேலத்தில் பஸ் ஸ்டாண்டு ஓரம் பதினோரு வருஷம் கிடந்திருக்கிறாள். அங்கிருந்து ஒரு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தார்கள். தெளிந்ததும் ஊர்ப்பேர் சொன்னாள். கொண்டுவந்து விட்டால், தம்பி சின்னராசு வாசலிலேயே நிறுத்திவிட்டான். காணாமல் போன ஏழாம் வருஷமே, செத்துவிட்டாள் என்று காரியம் செய்து முடித்துவிட்டார்களாம். அப்புறம் அறக்கட்டளையே பக்கத்து ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அவளைப் போலவே ரோட்டில் கிடந்து மீண்ட சுகுணா, மாதம்மாள் இருவரோடும் குடிவைத்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் நான் போய் மூவருக்கும் பிரஷர், சர்க்கரை பார்ப்பேன். பாவாயிக்கு இதயம் பலவீனம். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். அந்த அறக்கட்டளை நடத்தும் இப்படிப்பட்ட வீடுகளில் இரண்டு வருஷத்தில் நாலு பேர் போய்விட்டார்கள். ஒருத்தரும் அறுபதைத் தொடவில்லை. தலைக்கு மேல் கூரை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மண்ணாங்கட்டி. ரோடு தின்ற உடம்பைக் கூரை திருப்பித் தருமா?

ஒரு செவ்வாய் பாவாயி கேட்டாள்: "ஏனுங்க தம்பி, என்னைய அக்கான்னு கூப்பிடறீங்களே, அது நெசமாங்களா, சும்மாங்களா?"

"அக்கான்னா அக்காதான்" என்றேன், மாத்திரையைப் பிரித்துக்கொண்டே.

"அப்படின்னா எனக்குக் கோடி நீங்க போடோணுங்க."

"லட்சத்துக்கே வழியில்லை, கோடிக்கு நான் எங்கக்கா போவேன்?"

சுகுணா சிரித்தாள். பாவாயி சிரிக்கவில்லை. மாதம்மாள்தான் விளக்கினாள். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். அதுதான் கோடி. அண்ணன் தம்பி யாராவது கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும்.

"தம்பிகிட்டப் போய்க் கேட்டனுங்க" என்றாள் பாவாயி. "உனக்கு ஒருதரம் கோடி போட்டாச்சு, ரெண்டாந்தரம் போட்டா ஊட்டுக்கு ஆகாதுன்னுட்டான். அவன் சொல்றதும் நாயந்தானுங்களே. அது இல்லாமப் போனா, பொறந்த ஊடே இல்லாதவளாப் போயிருவனுங்க."

சரி என்று சொல்ல எனக்கு என்ன கேடு? சொன்னால் கட்டுப்பட வேண்டுமே. கட்டுப்படத் தேவையில்லாத அக்காதான் எனக்கு வசதி. "அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு? மாத்திரையைப் போடுங்க" என்று எழுந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் போனபோது, "வாங்க சார்" என்றாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து தம்பி வரவே இல்லை. கையை நீட்டுவாள், பிரஷர் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். எனக்குச் சுருக்கென்றது. வீராப்பு விடவில்லை, ஆறு செவ்வாய் அப்படியே போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாதம்மாள் போன் செய்தாள். அடுப்படியில் உட்கார்ந்தபடியே பாவாயி போய்விட்டாள்.

"எடுத்துராதீங்க, நான் வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மலைப்பாதையின் எல்லா வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன்.

"ஆருக்குங்க?"

"அக்காவுக்கு."

கடைக்காரர் பச்சைச் சேலை ஒன்றை விரித்துக் காட்டினார். "இதை எடுத்துக்கங்க. சாயம் போவாது. வருசக்கணக்கா உழைக்குங்க." அந்தக் கடையில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். சின்னராசு வந்திருந்தான், வெறுங்கையோடு, வேலியோரம். "பொறந்த ஊட்டுக் கோடி ஆருங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சின்னராசு தரையைப் பார்த்தான். நான் போய்ப் போர்த்தினேன். எந்த ஊர், என்ன முறை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் உயிரோடு இருந்தபோது சொல்லாத சொல்லுக்கு இந்தச் சேலை ஈடாகாது. அது எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது சுகுணா வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் ஆருமில்லீங்க, தம்பி. பச்சை எனக்கு ஆவாது. நீலம் எடுங்க."

"சரிக்கா. நீலமே எடுக்கிறேன்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் மருத்துவச் சீட்டில் வயதை எழுதியவன் நான்தான். நாற்பத்தொன்று. என்னைவிட மூன்று வயது சின்னவள்.