அம்மன் அழைப்பிதழில் எழுத்துரு உபயம்

இந்த நிகழ்ச்சிக்கு முன் என் நிலை என்ன என்பதைச் சொல்லிவிடுவதே முறை. நான் முதுகலைப் பட்டதாரி. மலைமேல் கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தவன். அம்மன் திருவிழாக் குழுவின் செயலாளர். பிறர் பொருளைக் கேளாமல் தொட்டவன் என்று என்னை எந்த எதிரியும் சொன்னதில்லை.

இன்று காலை கைப்பேசியில் ஒரு கல்யாண அழைப்பிதழ் வந்தது. தமிழ் எழுத்துகள் பளிச்சென்று நின்றன. எனக்கு உடனே துரியன் பழத்தின் நாற்றம் நினைவுக்கு வந்தது. காரணம் உண்டு.

அந்நாளில் குழுவின் கணினியில் விலைக்கு வாங்கிய தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தது. ஒரே கணினியில்தான் பயன்படுத்தலாம் என்பது உரிமம். அழைப்பிதழை வேறு கணினியில் திறந்தால் அம்மன் திருநாமம் ஆங்கில எழுத்தும் கமாவுமாகச் சிதறும். அச்சகமோ மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில். மற்றவர்கள் என்றால் எழுத்துருவை நகலெடுத்து அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் கணினியையே மடியில் வைத்துப் பேருந்தில் மலையிறங்கினேன். வழியில் பர்லியாரில் பக்கத்து இருக்கைக்காரர் துரியன் வாங்கி ஏறினார். மூக்கைப் பொத்தக் கை இல்லை.

அச்சக உரிமையாளர் சரோஜா கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இதை எதுக்குங்க சொமந்துட்டு வந்தீங்க? எங்க மெஷின்ல இலவச எழுத்துரு இருக்குதுங்க. ஆரு வேணா எத்தன மெஷின்ல வேணா போட்டுக்கலாமுங்க."

"யார் அனுமதி கொடுத்தது?"

"செஞ்சவங்கதானுங்க. நெறைய பேருங்க. பாதிப் பேரு பேரையே போட்டுக்கலைங்க."

அவர் அச்சிட்டுக் கொடுத்த அதன் ஆங்கில உரிமத்தை நின்றபடியே படித்தேன். கையெழுத்திட இடமே இல்லாத ஆவணத்தை அன்றுதான் கண்டேன். அழைப்பிதழில் நன்றி அச்சிடவேண்டும் என்றுகூட அது கேட்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பது என் வழக்கமன்று. பந்தல் உபயம், மின்விளக்கு உபயம் ஆகியவற்றுக்குக் கீழே, 'எழுத்துரு உபயம்: பெயர் அறியா நண்பர்கள்' என்று சேர்க்கச் சொன்னேன்.

எங்கள் திருவிழாவில் உபயதாரர் ஒவ்வொருவருக்கும் பரிவட்டம் கட்டுவார்கள். தேர் புறப்படும் வேளையில் பொருளாளர் தங்கராசு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்தார். பெயர் அறியா நண்பர்கள் வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஃபேன் குடுத்தவன் மூணு றெக்கையிலயும் பேரெழுதறான். பேரே வேண்டாங்கறது இந்த ஊர்ல ஆரு? நம்ம சார்தானுங்க."

கூட்டம் கைதட்டியது. பரிவட்டம் என் தலைக்கு ஏறிவிட்டது. பிறர் கொடைக்கு நான் மரியாதை வாங்கினால் அதற்குப் பெயர் திருட்டு. கழற்றினேன். "அடக்கத்தப் பாருங்க" என்று மறுபடியும் கட்டினார்கள். வேறு வழியின்றி மைக்கை வாங்கி, சட்டைப்பையில் இருந்த உரிமத்தைத் தமிழாக்கி வாசிக்கலானேன். முதற்பிரிவு, எழுத்துருவைத் தனியே விற்கலாகாது. மேளம் நின்றது.

"இத்தன கண்டிசனா? அப்ப சாரேதான் எழுதீருப்பாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சாமி காத்திருக்குதுங்க" என்றார் பூசாரி.

"இரண்டாம் பிரிவு" என்றேன்.

"நீங்க குடுக்கலைங்க. நம்பறமுங்க" என்று பூசாரியே பரிவட்டத்தை அவிழ்த்துக்கொண்டார்.

அந்த அச்சகம் இப்போது கைப்பேசிக் கடை. அழைப்பிதழ் அச்சடிப்பாரும் குறைந்துபோனார்கள். எழுத்து யார் கொடுத்தது என்று கேட்பாரும் இல்லை. நான் உரிமம் முழுவதையும் வாசித்ததால்தான் தேர் தாமதப்பட்டு அம்மன் மழையில் நனைந்தாள் என்று தங்கராசு இன்றும் சொல்லிவருகிறார். அது உண்மையன்று. மூன்றாம் பிரிவிலேயே மைக் பிடுங்கப்பட்டது.